ஒரு டொலருக்குக் கைமாறிய உரிமை

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 14ஆம் திகதி உலக நீரிழிவு தினம் அனுஷ்டிக்கப்படுகின்றது. அன்றைய காலைக் கூட்டத்தில் யாராவது ஒரு மாணவி சீனியைக் குறைப்பது பற்றிப் பேசுவார். ஏன் அந்தத் திகதி என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அது பிரெட்ரிக் பான்டிங் பிறந்த நாள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவர் என்று உயிரியல் பாடத்தில் ஒரே வரியில் வந்து போகிறவர். அந்த மருந்து எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைவிட, கண்டுபிடித்த பிறகு அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எப்படித் தீர்க்கப்பட்டது என்பதுதான் என்னை அதிகம் கவர்ந்தது.

பான்டிங் 1891இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், அலிஸ்டன் என்ற ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் முதலில் கலைப் பிரிவில் சேர்ந்து, பின்பு மருத்துவத்துக்கு மாறி, 1916இல் பட்டம் பெற்றார். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதால் இராணுவ மருத்துவப் பிரிவுக்குச் சென்றார். 1918இல் பிரான்சில் கையில் காயப்பட்டும் மற்றவர்களுக்குச் சிகிச்சை செய்தமைக்காக வீரப் பதக்கம் பெற்றார். நாடு திரும்பி 1920இல் லண்டன் நகரில் டிஸ்பென்சரி ஒன்றைத் திறந்தார். (இங்கிலாந்து லண்டன் அல்ல, ஒன்டாரியோவிலும் அந்தப் பெயரில் ஒரு நகரம் உண்டு.) நோயாளிகள் வரவேயில்லை. முதல் மாத வருமானம் வெறும் 4 டொலர்.

கைச்செலவுக்காக அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் பகுதிநேரமாகக் கற்பிக்கத் தொடங்கினார். 1920 ஒக்டோபர் இறுதியில், ஒரு விரிவுரைக்காகச் சதையி பற்றிய கட்டுரையொன்றை வாசித்துவிட்டுப் படுத்தவருக்கு நடுநிசியில் ஒரு யோசனை உதித்தது. சதையியில் சீனியைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒரு பதார்த்தம் இருக்கிறது என்று அப்போதே அறிஞர்கள் ஊகித்திருந்தனர். அதைப் பிரித்தெடுக்கப் போனால் அதே சதையியின் சமிபாட்டு நொதியங்கள் அதை அழித்துவிடும் என்று எண்ணப்பட்டது. கானைக் கட்டிவிட்டால் சமிபாட்டு நீரைச் சுரக்கும் பகுதி நலிந்துபோகும், மற்றது தப்பும் என்பது பான்டிங்கின் எண்ணம். அந்த வழி தேவையே இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. ஆனாலும் கதவைத் திறந்தது அந்த யோசனைதான்.

ஆய்வு அனுபவம் இல்லாத அந்த இளம் டாக்டருக்கு டொரன்டோவில் பேராசிரியர் மக்லியோட் ஆய்வுகூடமும் நாய்களும் சார்ள்ஸ் பெஸ்ட் என்ற மாணவரையும் கொடுத்தார். 1921 மே மாதம் வேலை ஆரம்பமானது. டிசம்பரில் இரசாயன அறிவு மிக்க ஜேம்ஸ் கொலிப் வந்து சேர்ந்தார்.

அந்நாட்களில் நீரிழிவு வந்த சிறுவருக்கு இருந்த ஒரே சிகிச்சை பட்டினி. உணவைக் குறைத்துக் குறைத்துச் சில மாதங்கள் கூடுதலாக உயிரோடு வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். 1922 ஜனவரி 11ஆம் திகதி டொரன்டோ வைத்தியசாலையில், எலும்பும் தோலுமாகக் கிடந்த லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்து சுத்தமில்லாததால் பயனில்லை. கொலிப் இரவு பகலாக உழைத்து அதைச் சுத்திகரித்தார். 23ஆம் திகதி மீண்டும் ஏற்றியபோது சிறுவனின் சீனி இறங்கியது. அவன் இன்னும் 13 வருடங்கள் வாழ்ந்தான்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சி. சுத்திகரிக்கும் வழி தெரிந்தவுடன் கொலிப் அதை மற்றவர்களுக்குச் சொல்ல மறுத்தாராம். பான்டிங் அவருடைய சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போனதாகவும், பெஸ்ட் இடையில் புகுந்து விலக்கியதாகவும் அவர்கள் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்கள். உயிர் காக்கும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் செய்முறைக்காகப் படித்தவர்கள் சண்டை பிடித்திருக்கிறார்கள்! சில நாட்களில், ஜனவரி 25ஆம் திகதி, நால்வரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தனர். தனித்தனியே எவரும் ஆக்கவுரிமை எடுப்பதில்லை, செய்முறையை ஒருவருக்கொருவர் மறைப்பதில்லை என்பதே அதன் சாரம்.

அப்படியானால் பேட்டன்ட் எனப்படும் அந்த ஆக்கவுரிமையை எடுக்காமலே விட்டிருக்கலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். அது இன்னும் ஆபத்தானது. யாருக்கும் சொந்தமில்லாமல் விட்டால், நாளை ஒரு கம்பனி அதே செய்முறைக்கு உரிமை எடுத்து மற்றவர்களைத் தடுத்துவிடலாம். அளவு தவறிய இன்சுலினும் ஆளைக் கொல்லும். கூடினால் வலிப்பு வரும், குறைந்தால் பலன் இராது. ஆகவே பிறர் பூட்டிவிடாமல் இருக்கத் தாங்களே சாவியை எடுத்து, அதைப் பல்கலைக்கழகத்திடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. புலமைச் சொத்துச் சட்டத்தை இப்படித் தலைகீழாகப் பயன்படுத்தலாம் என்று யோசித்ததுதான், என் பார்வையில், ஆய்வுகூடத்தில் நடந்ததற்குக் குறையாத கெட்டித்தனம்.

மருந்தில் ஆதாயம் பெறுவது டாக்டரின் சத்தியத்துக்கு முரணானது என்று கருதிய பான்டிங், ஆரம்பத்தில் தன் பெயரே அதில் வரக்கூடாது என்றார். கண்டுபிடித்தவரின் பெயர் இல்லாவிட்டால் உரிமை செல்லாது என்ற சட்டச் சிக்கலால்தான் இறுதியில் சம்மதித்தார். 1923 ஜனவரி 23ஆம் திகதி பான்டிங், பெஸ்ட், கொலிப் மூவரும் தலைக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு தம் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர்.

ஆனால் உரிமையை வைத்திருந்தால் மட்டும் மருந்து பெருகிவிடாது. 1922 வசந்த காலத்தில் பெரிய அளவில் தயாரிக்க முயன்றபோது செய்முறை பிழைத்து, சில வாரங்கள் இன்சுலினே கிடைக்கவில்லை. அதனால் அந்த மே மாதத்தில் அமெரிக்காவின் இலாய் லில்லி கம்பனியுடன் ஒப்பந்தம் செய்தார்கள். டொரன்டோ தனக்குத் தெரிந்ததைச் சொல்லும், லில்லி தான் புதிதாகக் கண்டறிவதைத் திருப்பிச் சொல்லும், ஒரு வருடத்துக்கு அமெரிக்காவில் லில்லி மட்டுமே தயாரிக்கும். லில்லியின் இரசாயன நிபுணர் வோல்டன் சுத்திகரிப்பை வெகுவாக முன்னேற்றினார். அந்த முறைக்குக் கம்பனி தனி உரிமை கேட்டது, மருந்துக்குத் தனிப் பெயரும் சூட்டியது. நல்ல வேளையாக, அதே முறையை செயின்ட் லூயிஸ் நகரின் ஆய்வாளர்களும் சுயமாகக் கண்டுபிடித்திருந்தனர். அதனால் லில்லிக்கு ஏகபோகம் கிடைக்கவில்லை. மற்றக் கம்பனிகளுக்கும் அனுமதி வழங்கப்பட்டது. விற்பனைக்கு முன் மருந்தைப் பரிசோதிக்கப் பல்கலைக்கழகத்தில் இன்சுலின் குழு ஒன்று இருந்தது.

இங்கிலாந்துக்கான உரிமை அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிச் சபைக்கு வழங்கப்பட்டது. டென்மார்க்கில் நோபல் பரிசு பெற்ற ஓகஸ்ட் குரோவின் மனைவி மரீ ஒரு டாக்டர், அவருக்கே நீரிழிவு. 1922 இறுதியில் குரோ டொரன்டோ சென்று அனுமதியும் செய்முறையும் பெற்று வந்தார். இன்றைய நோவோ நோர்டிஸ்க் அந்த வேரிலிருந்து முளைத்ததுதான்.

எங்கள் வீட்டிலும் உம்மும்மா இன்சுலின் ஏற்றுகிறார். முன்னர் அது மாட்டின், பன்றியின் சதையியிலிருந்தே எடுக்கப்பட்டது. அந்தச் சங்கடம் எங்கள் சமூகத்தில் எத்தனை குடும்பங்களை வருத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். 1982இல் பக்டீரியா மூலம் தயாரித்த மனித இன்சுலின் வந்தது பெரிய ஆறுதல். ஆனால் புதிய வகைகளோடும் ஏற்றும் பேனைகளோடும் புதிய ஆக்கவுரிமைகளும் வந்தன. உலகச் சந்தையின் பெரும்பகுதி இன்று மூன்று கம்பனிகளின் கையில். அமெரிக்காவிலேயே விலை தாங்காமல் ஊசியின் அளவைக் குறைத்துக்கொண்ட நோயாளிகள் இருக்கிறார்கள். 1923இல் கொடுக்கப்பட்ட சாவி அந்தக் காலத்துப் பூட்டுக்கு மட்டுமே பொருந்தியது.

1923ஆம் ஆண்டின் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியோட்டுக்கும் கிடைத்தது. பெஸ்டை விட்டுவிட்டார்களே என்று கோபங்கொண்ட பான்டிங் தன் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார். மக்லியோட் தன் பங்கில் பாதியைக் கொலிப்புக்குக் கொடுத்தார். ருமேனியாவின் பவுலெஸ்குவுக்கு எதுவுமில்லை. அவர் 1921இலேயே இதேபோன்ற ஆய்வை வெளியிட்டிருந்தார். பான்டிங்கும் பெஸ்டும் அந்தக் கட்டுரையைப் பிழையாக விளங்கிக்கொண்டு மேற்கோள் காட்டியிருந்தனர். அறிவைப் பகிர்ந்தவர்கள் புகழைப் பகிரும்போது அவ்வளவு நேர்த்தியாக நடக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

பான்டிங் பின்னர் ஓவியம் தீட்டினார், 1934இல் சேர் பட்டம் பெற்றார், இரண்டாம் உலகப் போர் மூண்டதும் போர்க்கால மருத்துவ ஆய்வில் இறங்கினார். 1941 பெப்ரவரியில் இங்கிலாந்து நோக்கிப் பறந்த விமானம் நியூபவுண்ட்லாந்தில் விழுந்து நொறுங்க, 49 வயதில் காலமானார். ஒரு காலத்தில் அவர் சட்டையைப் பிடித்த கொலிப் அதற்குள் அவருடைய நண்பராகியிருந்தார். பான்டிங் தலைமை வகித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பொறுப்பு அதே ஆண்டில் கொலிப்பிடம் சென்றது.