டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார்

மலேரியாச் சுரத்தின் கொடுமையை ஓமந்தையைச் சூழ்ந்த குளக்கரைக் கிராமத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கருவுற்ற மகளிரை அச்சுரம் பற்றுமாயின் இரத்தம் குன்றி, பிள்ளைப்பேற்றின்போது தாயும் சேயும் ஒருங்கே மாள்வதுண்டு. இலங்கையை அச்சுரம் அலைக்கழித்த 1935ஆம் ஆண்டிலே, பிறந்த ஆயிரங் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிரம்புமுன் இறந்தன. வைத்தியர் தொகையை மட்டும் பெருக்கி இதனை வெல்லலாகாது என்பதை நன்குணர்ந்தவர் மேரி இரத்தினம் அம்மையார்.

அம்மையார் 1873ஆம் ஆண்டிலே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற் பிறந்தவர். பெண்கள் வைத்தியக் கல்வி பயில்வதே அரிதாயிருந்த அக்காலத்தில் ரொறன்ரோவிலே பயின்று தேர்ந்து, யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிற் பணியாற்றும் பொருட்டு 1896இல் இலங்கைக்கு வந்தார். ஆனால், கனகரத்தினம் என்னுந் தமிழரை அவர் மணந்துகொண்டமை மிஷனாருக்கு ஒவ்வாததாயிற்று. அவரும் கிறித்தவரே, எனினும் வெள்ளை மாது ஒருத்தி சுதேசிக்கு மனைவியாதலை அவர்கள் பொறுத்திலர். பணி கைவிட்டுப் போயிற்று. யாழ்ப்பாணம் இழந்தவரைக் கொழும்பு பெற்றது. சின்னாட் பெண்கள் வைத்தியசாலையிலும், பின்னர்த் தாமாகவும் வைத்தியம் புரிந்தார்.

நோயாளரைப் பார்க்கப் பார்க்க, அந்நோய்களுட் பல வீட்டு வாசலிலேயே தடுக்கப்பட வேண்டியவை என அவர் கண்டார். கொதிக்கவையாத நீரும், துப்புரவற்ற கையும், மூடிவையாத பாலும் செய்யுங் கேட்டுக்கு மருந்துச்சீட்டு என் செய்யும்? அவர் பிறந்த நாட்டிலேயே இதற்கொரு சான்று இருந்தது. அடிலேட் ஹூட்லெஸ் என்னும் மாது, தூய்மையற்ற பாலினாலே தம் குழந்தை இறந்ததென எண்ணி வருந்தி, மனையியற் கல்விக்காக உழைத்தார். 1897இல் ஒன்ராறியோவில் முதல் மாதர் நிலையம் தோன்றக் காரணராயினார். வங்காளத்திலும் சரோஜ நளினி தத்தரின் வழியில் மகளிர் சமிதிகள் எழுந்தன. இவ்விரண்டையும் முன்மாதிரியாகக் கொண்டு அம்மையார் 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தோற்றுவித்தார்.

இதன் சிறப்பு யாதெனில், நகரத்துச் சீமாட்டிகள் கிராமத்துக்குச் சென்று உபதேசித்து மீள்வதோடு அது நின்றுவிடவில்லை. கிராமப் பெண்களே கூடித் தத்தம் சங்கத்தை நடத்தினர். குழந்தை வளர்ப்பு, சுகாதாரம், உணவு, தையல், வீட்டுத்தோட்டம் முதலியவற்றைக் கற்றனர். கிராமப் பணிக்கெனப் பெண்களைப் பயிற்றும் நிலையமொன்று பிற்காலத்திற் கடுவெலையில் அமைந்தது. எழுத்தறியாத அயலவளுக்கு அவ்வூர்ப் பெண்ணொருத்தி சொல்லுஞ் சொல், அந்நியர் சொல்லினும் ஆழமாய்ப் பதியுமன்றோ?

அம்மையாரின் ஏனைய பணிகளும் பல. 1909இல் தமிழ் மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். பெண்களின் வாக்குரிமைக்கு உழைத்தார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்மணி அவரே. சட்ட நுணுக்கமொன்றால் அப்பதவி விரைவிற் பறிபோயிற்று. அதனால் நாடு பெரிதும் இழந்ததாகத் தோன்றவில்லை. அவருடைய உண்மையான சபை கிராமத்துத் திண்ணையிலேயே இருந்தது.

1958இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது; 1962இல் காலமானார். 1960ஆம் ஆண்டளவில் இலங்கையின் குழந்தை மரணம் ஆயிரத்துக்கு 57ஆகக் குறைந்திருந்தது. டி.டி.டீ. மருந்தும், அரசாங்க மருத்துவிச்சிமாரும், இலவச வைத்தியமும், கல்வியும் இதற்குப் பெருங் காரணங்கள். எனினும் மருத்துவிச்சி படலையைத் தட்டியபோது அதனை அஞ்சாது திறந்த தாய்மாருட் பலர், இத்தகைய மாதர் சங்கங்களிலே அமர்ந்து கேட்டவர்கள்.