கண்ணிழந்த பின்னும் கண்டவர்

திரைப்படத்தில் குதிரை வண்டி ஓடும் காட்சியை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில் பறக்கின்றன. வண்டியும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு விரைகின்றது. ஆனால் சக்கரம் மட்டும் சுழலாமல் அப்படியே நிற்பது போல் தோன்றுகிறது! சில வேளைகளில் பின்னோக்கிச் சுழல்வது போலவும் தெரிகிறது. இது மாயமா, மந்திரமா? இரண்டும் இல்லை. நிழற்படக் கலை உலகிற்கு அறிமுகமாகும் முன்பே இத்தகைய தோற்றங்களை ஆராய்ந்து விளக்கியவர்களுள் முதன்மையானவர் பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி ஜோசப் பிளாத்தோ ஆவார். (கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ வேறு, இவர் வேறு.) கண் எவ்வாறு காண்கிறது என்று ஆராய்ந்த இவர், தம் இரு கண்களையும் இழந்தார். இழந்த பின்னும் நாற்பது ஆண்டுகள் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. அப்பெரியாரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பிளாத்தோ 1801ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் அந்துவான், மலர்களை வரைவதில் வல்ல ஓவியர். மகனும் தம்மைப் போல் ஓவியனாக வேண்டுமென்று விரும்பி, அவனை ஓவியப் பள்ளியில் சேர்த்தார். ஆனால் பதினான்கு வயதிலேயே பிளாத்தோ தாய் தந்தை இருவரையும் இழந்துவிட்டார். வழக்கறிஞரான தாய்மாமன் அவரை ஆதரித்து வளர்த்தார். மாமனின் விருப்பப்படி சட்டம் பயில லீஜ் நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மனமோ கணிதத்தையும் பௌதிகத்தையும் நாடியது. சட்டத்தோடு விஞ்ஞானத்தையும் பயின்றார். பின்னர்ப் பள்ளியில் கணித ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே ஆராய்ச்சியும் செய்தார். 1829ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். அதற்காக அவர் எழுதிய ஆய்வேடு 27 பக்கங்களே கொண்டது!

அந்தச் சிறு ஏட்டின் பொருள் என்ன? ஒளியும் நிறமும் நம் கண்ணில் பதிக்கும் தோற்றம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே. கொள்ளிக்கட்டையை வேகமாகச் சுழற்றினால் நமக்கு நெருப்பு வளையம் ஒன்று தெரிகிறது. உண்மையில் வளையம் ஏதும் இல்லை. எரியும் நுனி ஒன்றே உண்டு. நுனி நகர்ந்த பின்னும் அதன் தோற்றம் கண்ணில் சற்று நேரம் தங்கிவிடுகிறது. அந்நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு என்று பிளாத்தோ அளந்து கண்டார்.

பிறகு பல் வைத்த சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிட்டுப் பார்த்தார். இரண்டுமே சுழல, அசையாத ஓர் உருவம் தோன்றுவதைக் கண்டு வியந்தார். இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே என்னும் பெரும் விஞ்ஞானியும் தனியே இதே புதிரை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். தாம் முன்னரே இதனை வெளியிட்டிருப்பதைப் பிளாத்தோ தெரிவித்தபோது, ஃபாரடே அதனைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

1832ஆம் ஆண்டில் பிளாத்தோ ஓர் எளிய கருவியை அமைத்தார். வட்டமான அட்டை ஒன்றின் விளிம்பில் 16 சிறு பிளவுகள். உட்புறத்தில் 16 படங்கள். அட்டையைக் கண்ணாடியின் முன் பிடித்துச் சுழற்றி, பிளவுகளின் வழியே கண்ணாடியில் தெரியும் படங்களைப் பார்க்க வேண்டும். பதினாறு படங்களும் ஒன்றுபோல் இருந்தால், அட்டை எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் படங்கள் அசையாமல் நிற்கும்! ஏனெனில் ஒரு பிளவு போய் அடுத்த பிளவு கண்ணுக்கு நேரே வரும்போது, ஒரு படம் இருந்த இடத்தில் அதே போன்ற அடுத்த படம் வந்துவிடுகிறது. இங்கேதான் பிளாத்தோவின் மேதைமை வெளிப்பட்டது. படங்களைச் சிறிது சிறிதாக மாற்றி வரைந்தால் என்ன ஆகும் என்று எண்ணினார். சுழன்றாடும் நடனக்காரர் ஒருவரைப் பதினாறு நிலைகளில் வரைந்தார். அட்டை சுழன்றது; நடனக்காரரும் உயிர்பெற்று ஆடினார்! தந்தையார் கற்பிக்க விரும்பிய ஓவியம் இவ்வாறு மகனின் விஞ்ஞானத்திற்குத் துணையாயிற்று. அதே காலத்தில் வியன்னா நகரில் சைமன் ஸ்டாம்ப்ஃபர் என்பவரும் தனியே இத்தகைய கருவியை அமைத்தார். இன்றைய திரைப்படத்தின் முன்னோடிகளுள் ஒன்று இந்த அட்டைக் கருவியாகும். தனித்தனிப் படங்களை ஓட்டமாக இணைத்துக் காண்பதில் மூளைக்கும் பெரும் பங்கு உண்டு என்று இன்றைய அறிஞர்கள் கூறுகின்றனர்.

இப்போது வண்டிச் சக்கரத்தின் புதிர் எளிதில் விளங்கும். திரைப்படக் காமிரா வழக்கமாக நொடிக்கு 24 படங்கள் எடுக்கிறது. சக்கரத்தில் 12 ஆரக்கால்கள் உள்ளன என்று கொள்வோம். சக்கரம் நொடிக்கு 2 முறை சுற்றினால், ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே ஒவ்வோர் ஆரக்காலும் அடுத்த ஆரக்கால் இருந்த இடத்திற்குச் சரியாக வந்துவிடும். ஆகவே எல்லாப் படங்களும் ஒன்றுபோல் இருக்கும், சக்கரம் நிற்கும்! வேகம் சற்றுக் குறைந்தால் ஆரக்கால் அந்த இடத்தை எட்டாது. அப்போது சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றும்.

இந்தத் தோற்றத்தால் பயனும் உண்டு, ஆபத்தும் உண்டு. விட்டுவிட்டு ஒளிரும் விளக்கைக் கொண்டு, ஓடும் இயந்திரத்தை நிறுத்தாமலே நிற்பது போலக் கண்டு சோதிக்கிறார்கள். இசைத்தட்டுக் கருவிகள் சிலவற்றில் சுழல்தட்டின் விளிம்பில் புள்ளிகள் இருக்கும். அதற்குரிய விளக்கொளியில் அவை அசையாமல் தெரிந்தால் வேகம் சரி என்று பொருள். ஆபத்து தொழிற்சாலையில் உள்ளது. நம் நாட்டின் மின்சாரத்தில் பழைய வகைக் குழல் விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. அவ்வொளியில், சுழன்றுகொண்டிருக்கும் கடைசல் இயந்திரம் நிற்பது போல் தோன்றலாம். அதை நம்பித் தொழிலாளி கை வைத்தால் கையே போய்விடும்! ஆகவே ஒரே நேரத்தில் ஒளி குறையாதபடி விளக்குகளை மாற்றி இணைப்பார்கள்.

இனி, பிளாத்தோவின் வாழ்வில் நேர்ந்த பெருந்துயரைக் கூற வேண்டும். 1829ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சிக்காக அவர் ஏறத்தாழ 25 நொடிகள் சூரியனை நேராக உற்று நோக்கினார். சில நாட்கள் பார்வை மங்கிப் பின்னர்த் திரும்பியது. 1835இல் கென்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானார். 1840இல் ஃபானி என்னும் நங்கையை மணந்தார். 1841இல் மகன் ஃபெலிக்ஸ் பிறந்தான். அந்த ஆண்டுகளில் கண் நோய் முற்றியது. 1843இல் பார்வை முழுவதும் அணைந்தது. மகனின் முகத்தை அவர் கண்டது இரண்டே ஆண்டுகள்! சூரியனைப் பார்த்ததே இதற்குக் காரணம் என்று பல நூல்கள் எழுதின. கண்ணின் உட்பகுதியில் நீடித்த அழற்சி நோயே காரணமாயிருக்கலாம் என்பது இக்கால மருத்துவர்களின் கருத்து. எனினும் சூரியனை வெறுங்கண்ணால் உற்று நோக்குவது கண்ணுக்குப் பெருங்கேடு என்பதை நாம் மறக்கலாகாது.

வேறொருவராயின் ஆராய்ச்சி அத்துடன் முடிந்திருக்கும். பிளாத்தோவோ சோப்பு நீரை எடுத்துக்கொண்டார். கம்பிச் சட்டங்களைச் சோப்பும் கிளிசரினும் கலந்த நீரில் தோய்த்தெடுத்தால் அவற்றில் மெல்லிய படலங்கள் உண்டாகும். எந்தச் சட்டத்தை எப்படித் தோய்ப்பது என்று அவர் மனத்திலேயே திட்டமிட்டுச் சொல்வார். குடும்பத்தார், நண்பர்கள், மாணவர்கள் செய்து பார்த்துத் தாம் கண்டதை விவரிப்பார்கள். கேட்டவற்றையெல்லாம் மனத்தில் ஒன்றுசேர்த்து, முடிவுகளை அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். படலங்கள் மூன்று மூன்றாகவே கூடும். அவற்றின் இடையே 120 பாகைக் கோணமே அமையும் என்று கண்டார். இந்த ஆராய்ச்சிகளின் பெருநூல் 1873இல் வெளிவந்தது. பார்வையைப் பற்றி அதுவரை உலகில் வெளிவந்த நூல்களையும் கட்டுரைகளையும் தொகுத்து, விரிவான அட்டவணை ஒன்றையும் முதுமையில் வெளியிட்டார். பார்வையற்றவர் பார்வைக்குச் செய்த தொண்டு அன்றோ இது!

1883ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் கென்ட் நகரில் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கேள்விகள் மறையவில்லை. படலங்களைப் பற்றிய கணக்கு ஒன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அதற்கு விடை கண்ட ஜெஸ்ஸி டக்ளஸ் 1936இல் கணிதத்தின் உயர்ந்த பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்றார். படலங்கள் கூடும் விதியை 1976இல் கணித முறைப்படி நிறுவியவர் ஜீன் டெய்லர் என்னும் அமெரிக்கப் பெண்மணி என்பது மாணவியராகிய நமக்குப் பெருமை தருகிறது. மகன் ஃபெலிக்ஸும் கென்ட்டில் விலங்கியல் பேராசிரியராகி, பூச்சிகளைப் பூக்களிடம் ஈர்ப்பது எது என்று ஆராய்ந்தார். மலர் வரைந்த பாட்டனாருக்கு ஏற்ற பேரன்!

தோழியரே, பிளாத்தோ தம்மைச் சூழ்ந்தவர்களின் கண்களை நம்பினார். அவர்களும் கண்டதைக் கண்டபடியே சொல்லி, அந்த நம்பிக்கையைக் காத்தனர். ஒருவர் ஒரு சோப்புப் படலத்தைச் சரியாகப் பாராமல் சொல்லியிருந்தாலும் அவர் கணக்கு பிழைத்திருக்கும். நாமும் கவனமாகப் பார்க்கவும், பார்த்ததை உள்ளபடியே சொல்லவும் பழகுவோமாக! இழப்பு வந்தபோதும் எடுத்த பணியை விடாத உறுதியை அவரிடம் கற்போமாக!