புதுச்சேரியை இருமுறை கட்டியவர்

புதுச்சேரி என்றவுடன் டூப்ளேயின் பெயரே பலருக்கு நினைவு வரும். ஆனால் டூப்ளே பிறப்பதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊரில் காலூன்றி, அதை ஒரு பட்டணமாக்கத் தொடங்கியவர் பிரான்சுவா மார்த்தேன்.

1634-ஆம் ஆண்டு பாரிஸில் ஒரு மளிகை வியாபாரிக்கு மகனாகப் பிறந்தார். முறையான மணவாழ்வில் பிறக்காதவர் என்பதால், தந்தையின் கடை அவர் கைக்கு வரவில்லை. வேறொரு கடையில் சிப்பந்தியாகச் சேர்ந்தார். மேரி என்ற ஏழைப் பெண்ணை மணந்ததால் அந்த வேலையும் போயிற்று. பிழைப்புத் தேடி 1665-இல் பிரெஞ்சுக் கும்பினியில் சேர்ந்து கப்பலேறினார். மனைவி பாரிஸிலேயே தங்கினாள். மடகாஸ்கர், சூரத்து, மசூலிப்பட்டணம் என்று அவர் பயணம் நீண்டது.

அதே காலத்தில் பிரெஞ்சு வியாபாரிகள் கனடாவின் காடுகளில் மென்மயிர்த் தோலைத் தேடி அலைந்தார்கள். இங்கே அவர்கள் நாடி வந்ததோ நம் நெசவாளரின் துணியை!

பிஜப்பூர் சுல்தானின் அதிகாரியான ஷேர்கான் லோடி, 1673-இல் புதுச்சேரியில் பண்டகசாலை வைக்க அனுமதி அளித்தார். மறு ஆண்டே பிரெஞ்சுக்காரர் சாந்தோமைப் பறிகொடுத்தனர். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு மிஞ்சியது இந்தச் சிற்றூர்தான். சிலரோடு மட்டும் மார்த்தேன் அங்கே தங்கினார்.

1677-இல் சிவாஜியின் படை வந்து ஷேர்கானை முறியடித்தது. மார்த்தேன் வாளை எடுக்கவில்லை, தூது அனுப்பினார். சிவாஜியும் அவரை அங்கேயே இருக்க விட்டார். நெசவாளர்கள் வந்து குடியேறினர், வியாபாரம் வளர்ந்தது. 1686-இல், இருபது ஆண்டுப் பிரிவுக்குப் பின், மனைவியும் வந்து சேர்ந்தாள்.

1693-இல் பேரிடி விழுந்தது. டச்சுக்காரர் பெரும் கப்பற்படையோடு வந்து ஊரைப் பிடித்தனர். மார்த்தேன் கைதியாகப் பட்டேவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். விடுதலை பெற்றபின், மருமகன் நிர்வகித்த வங்காளத்துச் சந்திரநாகூரில் காத்திருந்தார்.

1697-இல் ரிஸ்விக் உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைத்தது. ஆனால் தாங்கள் கட்டிய அரண்களுக்கு டச்சுக்காரர் 16,000 வராகன் பெற்றுக்கொண்டார்கள். 1699-இல், 65 வயதில், மார்த்தேன் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். தெருக்கள் அமைத்தார்; கோட்டை எழுப்பினார். 1706-இல் அது முடிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் தேதி அவரும் காலமானார்.

1761-இல் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர். ஆனால் அவர் குடியேற்றிய ஊர் அழியவில்லை. பேரரசுகள் மோதிய கரையில், பொறுமையையே பெருமுதலாகப் போட்டு வியாபாரம் செய்த மனிதர் அவர்.