எண்களை நேசித்த துறவி

அன்னை மரியாளின் பிறந்த நாளாகிய செப்டம்பர் 8-ஆம் நாள், 1588-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் எளிய குடும்பமொன்றில் மரேன் மெர்சென் பிறந்தார். லா ஃப்ளேஷ் நகரிலிருந்த இயேசு சபைக் கல்லூரியில் பயின்ற அவர், 1611-இல் மினிம் துறவற சபையில் சேர்ந்தார். ‘மிகச் சிறியோர்’ என்பதே அச்சபைப் பெயரின் பொருள். இறைச்சி, முட்டை, பால் எதையும் உண்ணாத கடுந்தவ வாழ்வு அவர்களுடையது.

அச்சிறியவரின் பாரிஸ் மடத்து அறையோ அறிஞர் உலகின் அஞ்சல் நிலையமாயிற்று! தெக்கார்த், ஃபெர்மா போன்ற மேதைகள் தம் கண்டுபிடிப்புகளை அவருக்கு எழுதினர். ஒருவர் கடிதத்தை மற்றவருக்கு அறிவித்து, அறிவை வளர்த்தார் அவர். சிறுவன் பாஸ்கல் தன் தந்தையோடு அவர் கூட்டங்களுக்கு வந்தான். 1633-இல் கலிலேயோ தண்டனை பெற்றார். மறு ஆண்டே அவருடைய இயந்திரவியலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டவரும் நம் துறவிதான்.

அவருக்குப் பகா எண்கள்மீது பேரார்வம். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை அவை. மூன்று இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் 7. ஐந்து இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் 31. இரண்டும் பகா எண்களே. ஆனால் பதினோர் இரண்டுகளைக் கொண்டு செய்தால் வருவது 2047. அது 23, 89 ஆகியவற்றின் பெருக்கற்பலன். எத்தனை இரண்டுகள் இருந்தால் பகா எண் கிடைக்கும்? 257 வரைக்குமான பட்டியலை 1644-இல் மெர்சென் துணிந்து வெளியிட்டார்.

அதில் ஐந்து பிழைகள் இருந்தன! 61, 89, 107 ஆகியவற்றை அவர் விட்டுவிட்டார். 67, 257 ஆகியவற்றைத் தவறாகச் சேர்த்துவிட்டார். 67 இரண்டுகளால் வரும் எண் 147573952589676412927. இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட இது பகா எண் அன்று என்று 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சு அறிஞர் நிறுவினார். ஆயினும் அதன் காரணிகள் அகப்படவில்லை. 1903-இல் அமெரிக்கப் பேராசிரியர் கோல் அவற்றைக் கண்டறிந்தார். அவை 193707721, 761838257287. விடுமுறையில் நாமும் பெருக்கிப் பார்ப்போமே!

1648 செப்டம்பர் முதல் நாளில் மெர்சென் இறைவனடி சேர்ந்தார். தம் நோயின் காரணத்தை அறிய, இறந்தபின் தம் உடலை ஆராயுமாறு கேட்டுக்கொண்டிருந்தார். பிழை செய்த அவருடைய பெயரையே உலகம் அவ்வெண்களுக்குச் சூட்டியது. 2024-இல் கண்டறியப்பட்ட 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணும் மெர்சென் எண்ணே.

கணக்கு நோட்டில் விடை தவறினால் அவசரமாக அழித்து மறைப்பவர்கள் நாம். மெர்சென்னோ தம் விடையைப் பலர் முன் வைத்தார். அதைச் சோதிக்கப் புகுந்தவர்கள் புதிய வழிகளைக் கண்டனர். தவறிவிடுவோமோ என்று அஞ்சி வாய் மூடியிராமல், நாமும் கையுயர்த்தி விடை சொல்லப் பழகுவோம். திருத்துவோரை நன்றியோடு ஏற்போம்.