கவிஞர் பனாரசிதாசர்

தம் குற்றங்களைத் தாமே செய்யுளாக்கி உலகிற்கு வைத்துச் சென்ற சிராவகர் மிகச் சிலரே. அவர்களுள் தலையாயவர் ஆக்ராவில் வாழ்ந்த வணிகர் பனாரசிதாசர். 1641இல் அவர் இயற்றிய ‘அர்த்தகதானகம்’ 675 செய்யுட்களால் ஆன தன்வரலாறு. மாந்தர் வாழ்நாள் 110 ஆண்டு என்று கொண்டு, தம் 55ஆம் வயதுவரை நிகழ்ந்ததை மட்டும் கூறுவதால் அதற்குப் ‘பாதிக் கதை’ எனப் பெயரிட்டார்.

ஜௌன்பூரில் 1586இல் சுவேதாம்பர ஸ்ரீமால் மரபில் பிறந்தார். தந்தையார் கரக்சேனர் மணி வணிகர். காசியில் பார்சுவநாதப் பெருமானை வழிபடச் சென்றவிடத்தில் குழந்தைக்கு இப்பெயர் அமைந்தது. இளமையில் கல்வியும் உண்டு, காமமும் உண்டு. சிருங்காரச் சுவை மிகுந்த ஆயிரம் செய்யுட்கள் புனைந்தார். ஒரு துறவியின் சொல்லை நம்பி, நாள்தோறும் வாயிலில் பொற்காசு கிடைக்கும் என்று ஓராண்டு மறைவாக மந்திரம் உருவேற்றினார், காசு வரவில்லை. பின்னர் மற்றொரு யோகி தந்த சங்கினைச் சிவனாகக் கருதி எவரும் அறியாமல் பூசித்து வந்தார்.

1605இல் அக்பர் மறைந்த செய்தி ஊரை அடைந்தது. படிக்கட்டில் அமர்ந்திருந்த பனாரசிதாசர் அதிர்ச்சியால் நிலைகுலைந்து விழ, தலையில் குருதி பெருகிற்று. உடல் தேறியபின் மேல்மாடத்தில் தனித்திருந்து எண்ணினார். தாம் வீழ்ந்தபோது அப்பூசனை ஏன் துணை வரவில்லை என்ற வினா எழுந்தது. சங்குப் பூசனை நின்றது. சில காலத்தில் தம் காமச் செய்யுட்களின் ஏட்டையும் கோமதி ஆற்றில் எறிந்துவிட்டார். அதன்பின் ஜினாலயம் செல்வதும் நோன்பு காப்பதும் நாள் கடமைகளாயின.

வணிகத்தில் அவர் கண்டது பெரும்பாலும் நட்டமே. ஆக்ராவில் கைப்பொருள் இழந்து, கசோரி விற்பவரிடம் பல மாதம் கடனுக்கு உண்ட காலமும் உண்டு.

உண்மையான சோதனை 1623இல் வந்தது. அரத்மல் என்பவர் ராஜமல்லர் உரையுடன் கூடிய சமயசாரத்தை அவர் கையில் கொடுத்தார். நம் பொன்னூர் மலையில் தவம் செய்தார் என்று தமிழ்ச் சமணர் போற்றும் குந்தகுந்த ஆசாரியரின் நூல் அது. ஆன்மா தன் இயல்பில் தூயது, வினையால் தீண்டப்படாதது என்னும் நிச்சய நய உண்மையைப் படித்தவர், அவ்வுண்மைக்கு ஏறும் படிகளை மறந்தார். தூயதற்குத் தூய்மை செய்வானேன் என்று சாமாயிகம், பிரதிக்கிரமணம், ஜபம், தவம் அனைத்தையும் கைவிட்டார். இறைவன் முன் படைத்த நைவேத்தியத்தையும் உண்டார். நண்பர் மூவருடன் அறையொன்றில் ஆடை களைந்து, தாம் பற்றற்ற முனிவராகிவிட்டதாகக் கூறிச் சுற்றி வந்தார். ஊரார் பழித்தனர். பழி அவரைத் திருத்தவில்லை. பழிப்பவர்க்குச் சமயசாரம் தெரியாது என்று எண்ணுபவரைப் பழி எவ்வாறு திருத்தும்? ஆயினும் பழைய சடங்கில் சுவை போயிற்று, புதிய அறிவில் அனுபவம் வாய்க்கவில்லை என்ற வேதனையை அவரே பதிவு செய்துள்ளார். பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

1635இல் பண்டித ரூப்சந்தர் ஆக்ராவிற்கு வந்தார். அவர் பனாரசிதாசரைக் கடிந்துகொள்ளவில்லை. நேமிசந்திரரின் கோம்மடசாரத்தை விரித்துரைத்தார். ஆன்மா ஏறும் 14 குணஸ்தானங்களுள் எந்நிலையில் உள்ளவர்க்கு எவ்வொழுக்கம் உரியது என்பது அதில் தெளிவாக உள்ளது. இல்லறத்தானின் நோன்பும் பொய்யன்று, முனிவரின் மோனமும் பொய்யன்று; இரண்டும் தத்தம் படியில் மெய் எனக் கண்டதும் அவருடைய ஐயம் அகன்றது. முன்பு படித்த நூலை அவர் தள்ளிவிடவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. அடுத்த ஆண்டே, 1636இல், அதே சமயசாரத்தின் பொருளை 727 செய்யுட்களில் ‘சமயசார நாடகம்’ என்று பாடினார். வட இந்தியத் திகம்பர இல்லங்களில் அந்நூல் இன்றும் ஓதப்படுகிறது.

எதிர்ப்பும் அடங்கவில்லை. அவர் மறைந்தபின் சுவேதாம்பர அறிஞர் மேகவிஜயர் ‘யுக்திப்பிரபோதம்’ எழுதி அவர் கொள்கையை மறுத்தார். பிறந்த மரபைக் கடந்து திகம்பர நூல்களில் தெளிவு தேடியவர்க்கு அது எதிர்பாராததன்று.

மூன்று முறை மணந்தார். பிறந்த ஒன்பது மக்களும் இறந்தனர். பாதிக் கதையின் இறுதியில் தம் குணங்களையும் குற்றங்களையும் அடுத்தடுத்து எழுதினார். பொறுமை உண்டு, இன்சொல் உண்டு என்றவர், பொருளாசை தீரவில்லை, சிறு இலாபத்தில் மகிழ்ந்து சிறு நட்டத்தில் வாடும் மனம் மாறவில்லை, பூசையிலும் தானத்திலும் இன்னும் நாட்டம் குறைவே என்றும் எழுதினார். தெளிவு பெற்று ஆறு ஆண்டுகளுக்குப் பின் எழுதியது இது! தனித்திருக்கும் வேளைகளில் தம்மை மறந்து நடனமாடுவதையும் அவர் மறைக்கவில்லை.