மஞ்சள் இலைக்கு இரும்பு கொடுத்த ஜூலியஸ் சாக்ஸ்

திருச்சி மாவட்டம், ஸ்ரீரங்கம் வட்டம், நவலூர் குட்டப்பட்டு வட்டாரத்தில் களர் நிலம் அதிகம். கார மண்ணில் சோயா மொச்சை விதைத்தால், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, கொழுந்து இலை மஞ்சளாவதைப் பார்ப்பீர்கள். உடனே யூரியா போடாதீர்கள். அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. இதை நீரில் செடி வளர்த்துத் தெளிவாகக் காட்டியவர், ஜெர்மனியின் தாவரவியல் அறிஞர் ஜூலியஸ் சாக்ஸ்.

1832-ல் பிரெஸ்லவு நகரில் பிறந்த அவர், இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தார். பள்ளிப் படிப்பைத் தொடர வழியில்லை. படம் வரையும் திறமை கைகொடுத்தது. பேராசிரியர் புர்கின்யே அவரை பிராக் நகருக்கு அழைத்து, உதவியாளராக வைத்துக்கொண்டார். அங்கேயே படித்து 1856-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

1859-ல் தாரண்ட் வேளாண், வனக் கல்லூரியில் சேர்ந்தார். மண்ணே இல்லாமல், உப்புகள் கரைத்த நீரில் செடி வளர்த்து, 1860-ல் அந்த முறையை வெளியிட்டார். கரைசலில் இரும்பை மட்டும் விட்டுவிட்டால் புது இலை வெளுத்தது. சிறிதளவு இரும்பு உப்பு சேர்த்ததும் பச்சை திரும்பியது. 1868 முதல் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். தோட்டத்தில் வெளுத்த செடிகளுக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) கொடுத்துக் கண்ட அனுபவத்தை 1888-ல் எழுதினார். 1897-ல் மறைந்தார்.

நம் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரமும் சுண்ணாம்பும் அதைப் பயிருக்குக் கிடைக்காமல் பூட்டிவிடுகின்றன. மண்ணில் வெறும் அன்னபேதியைத் தூவினாலும் அதே கதிதான். தண்ணீர் தேங்கினால் பாதிப்பு கூடும். யூரியா மிகுந்தாலும் மஞ்சள் அதிகமாகலாம்.

எனவே விதைப்பிலேயே கவனம் வையுங்கள். மண் பரிசோதனை செய்து, தொழு உரம் இடுங்கள். பார் பிடித்து விதைத்து வடிகால் அமையுங்கள். பச்சை மாறாமல் நின்ற ரகத்தையே தேர்ந்தெடுங்கள். வரிசைக்குள் விதையை நெருக்கமாக, 5 செ.மீ. இடைவெளியில் விதையுங்கள். சோயா வேர்கள் அமிலம் கசியவிட்டு இரும்பைக் கரைக்கும். அருகருகே வேர் இருந்தால் அந்த வேலை எளிதாகும்.

மஞ்சள் தெரிந்தால், 10 லிட்டர் நீரில் 50 கிராம் அன்னபேதியும் 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் தெளியுங்கள். தேவைப்பட்டால் 10 நாள் கழித்து மீண்டும் தெளிக்கலாம்.

களர் கடுமையாக இருந்தால் சோயா வேண்டாம். ஜிப்சம் இட்டு நிலத்தைத் திருத்தி, களரைத் தாங்கும் திருச்சி 3 நெல்லைப் பயிரிடுங்கள்.

அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. கொழுந்து மஞ்சளானால் இரும்புக் குறை. உரம் வாங்கும் முன் இதை வயலில் பார்த்துவிடுங்கள்.