இமானுவேல் சேகரனின் நிதானம்

சிவகாசிப் பக்கம் மருந்து அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு நிதானம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டு உள்ளே போவார்கள். ரப்பர் விரிப்பில் உட்கார்ந்து, உரசாமல் மருந்தை அள்ளுவார்கள். பதறினால் கை தடுமாறும். கை தடுமாறினால் உயிர் போகும். பயம் இல்லாததால் அல்ல, பயத்தை அடக்கத் தெரிந்ததால்தான் அந்த வேலை நடக்கிறது.

அந்த நிதானத்தைப் பொதுவாழ்வில் காட்டிய ஒருவர் நம் பழைய மாவட்டத்துக்காரர். 1985இல் விருதுநகர் தனி மாவட்டம் ஆகும்வரை நாமும் ராமநாதபுரம் மாவட்டத்தார்தான். அந்த மாவட்டத்தின் முதுகுளத்தூர் பக்கம், செல்லூரில் 1924 அக்டோபர் 9 அன்று இமானுவேல் சேகரன் பிறந்தார். தந்தை வேதநாயகம் பள்ளி ஆசிரியர்; தேவேந்திர குல மக்களைச் சங்கமாகத் திரட்டப் பாடுபட்டவர். கல்வியும் சங்கமும் மகனுக்கு வீட்டிலேயே கிடைத்தன.

1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் இறங்கிச் சிறை சென்றார். 1945இல் ராணுவத்தில் சேர்ந்தார். படையில் அவருக்குப் பதவி இருந்தது, சீருடை இருந்தது, மரியாதை இருந்தது. விடுப்பில் ஊர் திரும்பினால் டீக்கடையில் தனிக் குவளை காத்திருந்தது. நாட்டைக் காக்கப் போன இளைஞனுக்கு அந்தக் குவளை என்ன சொல்லியிருக்கும் என்பதை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1952இல் அவர் ராணுவ வேலையை விட்டார். மாதச் சம்பளத்தை உதறிவிட்டுக் கிராமம் கிராமமாக நடந்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் இளைஞர்களைத் திரட்டினார். இரட்டைக் குவளையை எதிர்த்துக் கூட்டங்கள் நடத்தினார். காங்கிரசில் இருந்தபடியே காவல் நிலையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் மனுக்களோடு அலைந்தார். அடித்தவனைத் திருப்பி அடிக்க ஆள் சேர்ப்பது எளிது. அடிபட்டவனை அழைத்துப்போய்ப் புகார் எழுத வைப்பதற்கு அதைவிடப் பெரிய நெஞ்சுரம் வேண்டும். சேகரன் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி.

1957இல் முதுகுளத்தூர் இடைத்தேர்தல் முடிந்த பிறகு அந்த வட்டாரமே கொதித்தது. ஊர்களில் மோதல்கள் வெடித்தன. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் பணிக்கர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் கூட்டினார். ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளில் ஒருவராக சேகரன் அதில் கலந்துகொண்டார். அவருக்கு 33 வயதுகூட நிறையவில்லை. வயதிலும் செல்வாக்கிலும் பன்மடங்கு பெரியவர்கள் எதிரே இருந்தார்கள். அவரை ஒரு தலைவராக ஏற்க முடியுமா என்ற கேள்வியே அந்தக் கூட்டத்தில் எழுந்தது.

அந்த நேரத்தில் ஒரு சொல் தவறியிருந்தால் வெளியே ஊர்கள் எரிந்திருக்கும். பணிந்து எழுந்து போயிருந்தால் அவரை நம்பி அனுப்பிய மக்கள் உடைந்திருப்பார்கள். அவர் இரண்டையும் செய்யவில்லை. சமமானவராக வந்தார்; சமமானவராகவே பேசினார்; சமமானவராகவே திரும்பினார். கோபத்தை விடாமல், அதைக் கையில் பிடித்து வைத்திருந்தார். அதற்குத்தான் நிதானம் என்று பெயர்.

மறுநாள் செப்டம்பர் 11, பாரதியார் நினைவு நாள். பதுங்கி வீட்டில் இருக்க அவருக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் எமனேசுவரம் சென்று விழாவில் பேசிவிட்டுப் பரமக்குடி திரும்பினார். அன்றிரவு வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி அமிர்தம் கிரேஸும் நான்கு பெண் பிள்ளைகளும் தனித்து நின்றார்கள். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் பல சமூகத்து உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. 2010இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

மாணவர்கள் இந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு; ஏமாந்துவிடக் கூடாததும் ஒன்று உண்டு. நிதானம் பிறவிக் குணமல்ல. படிப்பும் பயிற்சியும், பின்னால் சங்கமாக நிற்கும் மக்களும் சேர்ந்து தருவது அது. தேர்வு அறையோ, அலுவலகமோ, காவல் நிலையமோ, தனியாகப் போகிறவனைவிடத் தன் உரிமையைப் படித்துவிட்டு நாலு பேரோடு போகிறவனுக்குக் குரல் நடுங்காது.

ஆனால் நிதானம் ஒரு மனிதனுக்குக் கவசம் ஆகாது. சேகரன் தன் பங்கைச் செய்தார். வட்டாரம் கொதிப்பதை அறிந்து கூட்டம் கூட்டிய அரசால் மறுநாள் இரவு அவர் உயிரைக் காக்க முடியவில்லை. பட்டாசு ஆலையிலும் இதே கதைதான். வெடி விபத்து நடந்தால் தொழிலாளியின் கவனக்குறைவு என்று முதலில் சொல்வார்கள். அறைக்குள் விதியை மீறி எத்தனை பேரை உட்கார வைத்தார்கள், ஆலையை யார் யாருக்கு உள்குத்தகைக்கு விட்டார்கள் என்ற கேள்விகள் பிறகுதான் வரும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் கருகிய உயிர்களுக்குப் பிறகும் அந்தக் கேள்விகள் தீரவில்லை.

கை நடுங்காமல் இருப்பது நம் பொறுப்பு. அந்தக் கைக்குப் பாதுகாப்பு தருவது ஆள்பவர்களின் பொறுப்பு. முதலாவதைச் செய்துகொண்டே இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும். செல்லூர் சேகரன் மனுவும் கையுமாக நடந்த வழி அதுதான்.